கோடிங் உதவியாளர் நேற்றைய வேலையை மறந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிளாட் கோட், கேர்சர், கோபைலட், கோடெக்ஸ், ஜெமினி என்று, நிரல் எழுத உதவும் ஏஐ கருவி ஆளுக்கு ஆள் மாறும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை, புதுக்குடியிருப்பில் வீட்டில் இருந்தே வெளிநாட்டு வேலை செய்பவர், யாராக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: "நேற்று அவ்வளவும் விளங்கப்படுத்தினேன், இன்றைக்குத் திரும்பவும் முதலில் இருந்து கேட்குது."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மொழி மாடல் தானாக எதையும் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு அமர்வும் வெறும் கான்டெக்ஸ்டோடு, அதாவது மாடலின் கண்முன் எந்த எழுத்தும் இல்லாமல் தொடங்கும். அந்தக் கான்டெக்ஸ்டுக்குள் வந்து சேர்ந்த எழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும். 'நினைவகம்' என்று நாங்கள் சொல்வது உங்கள் கணினியின் வட்டில் கிடக்கும் கோப்புகளைத்தான். கருவி அவற்றைத் தொடக்கத்திலேயே உள்ளே போடும், அல்லது மாடல் தேவைப்பட்ட நேரம் தேடி எடுக்கும். ஆகவே எந்தப் பிழை வந்தாலும் கேட்க வேண்டியது மூன்று: எழுதப்பட்டதா, உள்ளே வந்ததா, அதன்படி நடந்ததா. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும் மதகைத் திறக்காமல் வயலுக்குத் தண்ணீர் வராது. ஆனால் ஆட்கள் முதலில் செய்வது, அந்தக் கோப்பிலேயே இன்னும் பத்து வரி சேர்ப்பது.

கீழே வரும் உதாரணங்கள், இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்கு எழுதுகிற சிறிய பதிவேட்டுச் செயலியைப் பற்றியவை. யாருக்கு எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர், சிறுபோகத்தில் எவ்வளவு பங்கு, யார் காசு கட்டியிருக்கிறார். பைத்தானும் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளமும் தவிர வேறொன்றும் இல்லை.

எதற்கும் முதல் இந்தச் சோதனை

நினைவுக் கோப்பின் (கருவி தொடக்கத்தில் படிக்கும் கிளாட்.எம்டி போன்ற குறிப்புக் கோப்பு) கடைசியில் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: 'நான் முறிகண்டி என்று மட்டும் எழுதினால், தேங்காய் உடைத்தாயிற்று என்று மட்டும் பதில் சொல்.' அமர்வை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து 'முறிகண்டி' என்று தட்டுங்கள். தேங்காய் உடைந்தால் கோப்பு உள்ளே வருகிறது. பிரச்சினை வேறு எங்கோ. பிள்ளையார் கோயிலின் வரலாறு வந்தால் கோப்பு உள்ளே வரவே இல்லை. உதவியாளர் ஃபோல்டர்களைத் தேடிப் பார்த்துவிட்டுச் சரியான பதில் சொன்னால் அது கணக்கில்லை. தேடாமல் உடனே சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கிளாட் கோட் பாவிப்பவர்களுக்கு இன்னும் இலகு. சாய்கோடு போட்டு 'மெமரி' கட்டளை கொடுத்தால் எந்தெந்த நினைவுக் கோப்பு ஏறியிருக்கிறது என்று காட்டும். 'கான்டெக்ஸ்ட்' கட்டளை, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கேட்கிறது

முதலில் கோப்பின் பெயர். கிளாட் கோட் தேடுவது கிளாட்.எம்டி. கோடெக்ஸும் வேறு பல கருவிகளும் தேடுவது ஏஜென்ட்ஸ்.எம்டி. ஜெமினியின் கட்டளைவரிக் கருவிக்கு ஜெமினி.எம்டி. இந்த மூன்றிலும் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, நீட்சி மட்டும் சிறிய எழுத்து. விண்டோஸில் பெரிய, சிறிய எழுத்து மாறினாலும் கோப்பு திறக்கும். அதே ப்ராஜெக்டை லினக்ஸில் திறக்கிற நண்பருக்குத் திறக்காது. கிட்ஹப் கோபைலட் தன் குறிப்பைக் கிட்ஹப் என்ற மறை ஃபோல்டருக்குள் தேடும். கேர்சருக்கு அதன் மறை ஃபோல்டருக்குள் ரூல்ஸ் என்று தனி ஃபோல்டர் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விதியின் தலையிலும் அது எப்போது சேர வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். 'எப்போதும்' என்று குறிக்காத விதி எல்லா நேரமும் வரும் என்று இல்லை.

விண்டோஸில் நோட்பேடால் எழுதியிருந்தால் நீட்சியைக் கட்டாயம் பாருங்கள். நீட்சிகளை மறைத்து வைப்பது விண்டோஸின் வழக்கம். திரையில் கிளாட்.எம்டி என்று தெரிவது, வட்டில் கிளாட்.எம்டி.டிஎக்ஸ்டி என்று கிடக்கும். எக்ஸ்புளோரரில் 'வியூ' பட்டியலுக்குப் போய் நீட்சிகளைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் இதுதான் அதிகம்.

பெயர் சரி என்றால், கருவியை எந்த ஃபோல்டரில் நின்று தொடங்கினீர்கள் என்று பாருங்கள். கிளாட் கோட், நிற்கிற ஃபோல்டரில் இருந்து மேல்நோக்கிப் போய் நினைவுக் கோப்புகளைச் சேர்க்கும். கீழே உள்ள உப ஃபோல்டர்களில் இருப்பவற்றைத் தொடக்கத்தில் எடுக்காது. அந்த ஃபோல்டருக்குள் உள்ள ஏதாவது கோப்பைப் படிக்கிற நேரம்தான் எடுக்கும். ப்ராஜெக்டுக்கு மேலே, டெஸ்க்டாப்பில் நின்று தொடங்கினால் உள்ளே இருக்கும் குறிப்பு தொடக்கத்தில் இருக்காது.

இரண்டு கருவி பாவிப்பவர்கள் ஒரே குறிப்பை இரண்டு கோப்பில் கொப்பி பண்ணி வைப்பது கூடாது. சில நாளில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். விஷயத்தை ஏஜென்ட்ஸ்.எம்டியில் மட்டும் எழுதுங்கள். கிளாட்.எம்டியில் 'அட்' குறி போட்டு அந்தப் பெயரை ஒரு வரியாகக் கொடுத்தால் அது அப்படியே உள்ளே வரும்.

ஒல்லாமா மாதிரி எதையாவது வைத்துச் சொந்தக் கணினியிலேயே மாடல் ஓட்டுபவர்களுக்கு வேறு ஒரு காரணம் உண்டு. அங்கே கான்டெக்ஸ்ட் நீளம் பல நேரம் சில ஆயிரம் டோக்கனில்தான் (மாடல் எழுத்தை வெட்டி எண்ணும் சிறு துண்டு) அமைந்திருக்கும். நினைவுக் கோப்பு, நிரல், உங்கள் கேள்வி மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டினால் ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. நீளத்தைக் கூட்டினால் ராமும் கூடத் தேவைப்படும். 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் குறிப்பைச் சுருக்குவதுதான் நடைமுறை.

அறிகுறி: நேற்று இருந்தது, இன்றைக்குச் சுத்தமாக இல்லை

ப்ராஜெக்டின் இடம் மாறியதா என்று பாருங்கள். கிளாட் கோட் பழைய உரையாடல்களை உங்கள் ஹோம் ஃபோல்டரில், ப்ராஜெக்டின் முழுப் பாதையையே பெயராக வைத்துச் சேமிக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால், இன்னொரு டிரைவுக்கு நகர்த்தினால், அதன் கணக்கில் அது வேறு ப்ராஜெக்ட். பென்ட்ரைவில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: வீட்டில் ஈ டிரைவாக வந்தது, படிக்கிற இடத்தில் எஃப் டிரைவாக வரும். பழையது அழியவில்லை, பழைய பெயரில் கிடக்கிறது. டிரைவ் எழுத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் நிலையாகக் கொடுத்துவிட்டால் சரி.

'கன்டினியூ', 'ரெஸ்யூம்' கட்டளைகளால் பழைய உரையாடலைத் தொடர்வதையே நினைவகமாக நம்பி இருப்பவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகள் முன்னிருப்பாக 30 நாளில் துப்புரவு செய்யப்படும். அமைப்பில் கூட்டலாம். ஆனால் முக்கியமான முடிவு எதையும் உரையாடலில் விட்டுவைக்காமல் கோப்பில் எழுதச் சொல்வதுதான் நல்லது.

பொதுக் கணினிக்கூடங்களில் இன்னொன்று. மறுபடி தொடங்கினால் வட்டைப் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் போட்டிருப்பார்கள். ஹோம் ஃபோல்டரில் எழுதியதெல்லாம் அதோடு போகும். அந்த இடங்களில் நினைவு ப்ராஜெக்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், ப்ராஜெக்ட் 'கிட்' என்ற பதிப்புப் பதிவு மென்பொருளில் இருக்க வேண்டும், எழும்பிப் போக முதல் புஷ் பண்ண வேண்டும்.

நினைவுக்கென்று எம்சிபி சேர்வர் (உதவியாளரோடு வெளிக் கருவிகளை இணைக்கும் பொது முறையில் ஓடும் சிறு நிரல்) போட்டிருந்தால், சேமிக்கும் பாதையைப் பாருங்கள். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபியை வெளியிட்டபோது மாதிரிக்காகக் கொடுத்த சேர்வர்களில் 'மெமரி' என்று ஒன்று இருந்தது. பொருள், உறவு, அவதானிப்பு என்று பிரித்து ஒரே ஜேசன்-வரிக் கோப்பில் (ஒரு வரிக்கு ஒரு பதிவு) எழுதும். பாதை சொல்லாவிட்டால் அந்தக் கோப்பு சேர்வர் நிறுவப்பட்ட இடத்திலேயே உருவாகும். தனியாக நிறுவாமல் என்பிஎக்ஸ் கட்டளை மூலம் ஓட்டும்போது அந்த இடம் என்பிஎம் என்ற பொதி மேலாளரின் கேஷ், அதாவது தற்காலிகக் களஞ்சியம். கேஷைத் துடைத்தால் நினைவும் போய்விடும். புதிய பதிப்பு இறங்கினால் போய்விட்டது என்று நினைப்பீர்கள். சேர்வருக்குக் கொடுக்கும் சூழல் மாறிகளில் நினைவுக் கோப்பின் பாதை என்று ஒன்று உண்டு. அதில் வட்டின் தொடக்கத்தில் இருந்து முழுப் பாதையைக் கொடுங்கள். அரைப் பாதை கொடுத்தால் அதுவும் சேர்வர் நிறுவப்பட்ட இடத்திலேயே எழுதும்.

அறிகுறி: காலையில் தெரிந்தது, பின்னேரம் மறந்துவிட்டது

இது ஒரே அமர்வுக்குள் நடப்பது. உரையாடல் நீண்டு கான்டெக்ஸ்ட் நிரம்பும்போது கருவி பழையதைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடரும். சுருக்கத்தில் சின்ன விஷயங்கள் உதிரும். நீங்கள் பத்து மணிக்கு வாயால் சொன்ன 'அந்த அட்டவணையைத் தொடாதே' என்பது சின்ன விஷயமாகப் பட்டிருக்கலாம். கிளாட் கோட்டில் ப்ராஜெக்டின் அடியில் உள்ள கிளாட்.எம்டி சுருக்கத்துக்குப் பிறகு வட்டில் இருந்து மறுபடி படிக்கப்படும். ஆகவே பின்னேரம் காணாமல் போனது உரையாடலில் மட்டும் இருந்தது என்று அர்த்தம். நிலைக்க வேண்டியதைக் கோப்பில் போடுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது, எங்கே நிற்கிறோம், எது மிச்சம் என்று ஒரு நிலைக்குறிப்பை எழுதச் சொல்லிவிட்டு அமர்வைப் புதிதாகத் தொடங்குங்கள். இழுத்துக்கொண்டே போவதைவிட டேட்டாவும் காசும் மிச்சம்.

அறிகுறி: படிக்கிறது, ஆனால் சொன்னபடி செய்வதில்லை

தேங்காய் உடைகிறது, ஆனால் விதி மீறப்படுகிறது. அநேகமாகக் கோப்பு நீண்டுவிட்டது. கிளாட் கோட்டின் வழிகாட்டலே ஒரு கோப்பு 200 வரிக்குள் இருக்கட்டும் என்கிறது. என்னைக் கேட்டால் 60 வரிக்கு மேல் போகும்போதே சந்தேகப்பட வேண்டும். நிரலைப் பார்த்தாலே தெரிகிற எதையும் எழுதத் தேவையில்லை. 'சுத்தமாக எழுது', 'கவனமாக இரு' போன்ற வரிகள் இடத்தைத்தான் பிடிக்கும். எழுத வேண்டியது நிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது. எங்கள் பதிவேட்டில் உள்ளதில் சில வரிகள்:

- நிலம் எப்போதும் ஏக்கரில். உறுப்பினர் படிவத்தில் 'பரப்பு' என்று எழுதியிருந்தால் 16 பரப்பு ஒரு ஏக்கர்.
- காசு சதத்தில், முழு எண்ணாக. தசமம் வேண்டாம்.
- ஒரே பெயரில் பலர் உண்டு. பெயரை வைத்து ஆளைச் சேர்க்காதே, உறுப்பினர் இலக்கத்தைப் பார்.
- சோதனைகளை ஓட்டிக் காட்டாமல் 'முடிந்தது' என்று சொல்லாதே.

பரப்புக் கணக்கு இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடல் 'பரப்பு' என்றால் பொதுவாக நிலப்பரப்பு என்று எடுத்து, 4 என்று எழுதியதை 4 ஏக்கராக்கிவிடும். கால் ஏக்கர்க்காரர் நாலு ஏக்கர்க்காரர் ஆவார். இப்படியான வரிக்காகத்தான் நினைவுக் கோப்பே.

தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், விளங்கும். ஆனால் ஒரே விஷயம் ஆங்கிலத்தைவிடத் தமிழில் பொதுவாகக் கூடிய டோக்கன் எடுக்கும். நான் ஊர் வழக்கு, கணக்குமுறை போன்றவற்றைத் தமிழிலும், தொழில்நுட்பக் கட்டளைகளை ஆங்கிலத்திலும் எழுதுகிறேன்.

ஒன்றுக்கொன்று முரணான வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹோம் ஃபோல்டரில் உள்ள தனிக்குறிப்பு ஒன்று சொல்லும், ப்ராஜெக்டில் உள்ளது வேறொன்று சொல்லும். மாடல் ஏதாவது ஒன்றைப் பிடிக்கும். அப்புறம், மீறவே கூடாத விதியை நினைவுக் கோப்பிடம் ஒப்படைக்க வேண்டாம். அது மாடல் வாசிக்கிற எழுத்துதான், பூட்டு அல்ல. உண்மைத் தரவுத்தளத்தைத் தொடக்கூடாது என்றால் எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள். சோதனை ஓடாமல் கமிட் ஆகக்கூடாது என்றால், கமிட்டுக்கு முன் தானாக ஓடும் கிட்டின் ஹூக்கில் போடுங்கள்.

எம்சிபி நினைவுச் சேர்வர் உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: அது தானாக உள்ளே வராது. மாடல் கருவியை அழைத்தால்தான் வரும். 'வேலை தொடங்க முதல் நினைவைத் தேடு' என்று கிளாட்.எம்டியில் ஒரு வரி இல்லாவிட்டால், சேர்வர் நிறையக் குறிப்பு இருந்தும் யாரும் திறக்காத அலுமாரிதான்.

அறிகுறி: போன வருஷக் கதையை உண்மை என்று சொல்கிறது

மறதியைவிட இது ஆபத்து. மறந்தால் கேட்கும், பழையதை நினைவு வைத்திருந்தால் கேட்காமலே செய்துவிடும். இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது என்பது அந்த வருஷம் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகிறது. போன வருஷப் பங்கு விகிதத்தை உதவியாளர் 'கற்றுக்கொண்ட விஷயம்' என்று நினைவில் எழுதி வைத்திருந்தால், இந்த வருஷப் பட்டியலும் அதே விகிதத்தில் அழகாக வரும். அழகாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தானாக எழுதும் நினைவு இயங்குகிறதா என்று பாருங்கள். கிளாட் கோட் உட்படச் சில கருவிகள் தாங்களே குறிப்பு எழுதி வைக்கும். அந்தக் கோப்பைத் திறந்து ஒருமுறை வாசியுங்கள், சிரிப்பும் வரும் பயமும் வரும். மாறக்கூடிய எண் எதையும் நினைவில் விடாதீர்கள். எண்ணுக்குப் பதிலாக அது இருக்கும் இடத்தை எழுதுங்கள்: 'சிறுபோகப் பங்கு வருஷத்துக்கு வருஷம் மாறும். நிரலிலோ நினைவிலோ எழுதாதே. போக அமைவு அட்டவணையில் இருந்து எடு, இல்லாவிட்டால் நிறுத்திக் கேள்.' முடிவுகளை எழுதும்போது திகதியும் காரணமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். காலபோகம் தொடங்கும்போது ஒரு முறை, சிறுபோகம் தொடங்கும்போது ஒரு முறை கோப்பைக் களை எடுத்தால் போதும்.

அறிகுறி: நினைவுச் சேர்வர் இணையவே இல்லை

'எம்சிபி' கட்டளை கொடுத்தால் எந்தச் சேர்வர் தோல்வி என்று காட்டும். விண்டோஸில் என்பிஎக்ஸை நேரடியாக அழைத்தால் சில நேரம் ஓடாது. முன்னால் சிஎம்டியும் சாய்கோட்டு சி-யும் போட்டு அதன் வழியாக அழைக்க வேண்டும். ஜேசன் அமைப்புக் கோப்பில் விண்டோஸ் பாதை எழுதினால் பின்சாய்கோட்டை இரட்டையாகப் போட வேண்டும். டெஸ்க்டாப் செயலி என்றால் அமைப்பை மாற்றியபின் முழுதாக மூடித் திறக்க வேண்டும். சாளரத்தை மட்டும் மூடினால் போதாது.

நீங்களே பைத்தானில் எழுதிய சேர்வர் தொடங்கி உடனே விழுகிறதா? 'பிரிண்ட்' எங்காவது இருக்கும். இந்த வகைச் சேர்வர் பேசுவதே வழமையான வெளியீட்டின் வழியாக. அதில் ஜேசன் செய்தி தவிர வேறு எழுத்து கலந்தால் மறுமுனைக்கு விளங்காது. பதிவுக் குறிப்புகளைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: தமிழில் தேடினால் கண்டதெல்லாம் வருகிறது, தேடியது வருவதில்லை

ஆங்கில வழிகாட்டிகளில் இது அநேகமாக இருக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

உள்ளூர் நினைவுக் கருவிகள் பல, குறிப்புகளை எஸ்கியூலைட்டில் வைத்து அதன் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடலைப் பாவிக்கின்றன. சொல் பிரிக்கும் வேலையை அதில் யூனிகோட்61 என்ற பகுதி செய்கிறது. முன்னிருப்பில் அது, யூனிகோடு 'எழுத்து' என்றும் 'எண்' என்றும் வகைப்படுத்தியவற்றைத்தான் சொல்லின் பகுதியாக எடுக்கும். தமிழின் காலும் கொம்பும் விசிறியும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' அல்ல, 'குறி' என்ற வேறு வகை. ஆகவே அவை வரும் இடமெல்லாம் சொல் உடைகிறது.

'குளம்' என்று எழுதினால் அது 'க', 'ளம' என்ற இரண்டு துண்டாகச் சேமிக்கப்படும். 'கிளம்பியது' என்பது 'க', 'ளம', 'ப', 'யத'. இப்போது குளம் என்று தேடுங்கள். 'க'வுக்கு அடுத்து 'ளம' வருகிற எல்லாம் பொருந்தும். குளத்தின் நீர்மட்டக் குறிப்பைத் தேடிய உதவியாளருக்கு 'மோட்டர் கிளம்பவில்லை' என்ற குறிப்பு கிடைக்கும். 'குளத்தில்' என்று எழுதிய உண்மையான குறிப்பு கிடைக்காது, ஏனென்றால் அது 'க', 'ளத' என்று உடைந்திருக்கிறது.

திருத்தம்: அட்டவணை உருவாக்கும்போது யூனிகோட்61க்குக் 'கேட்டகரிஸ்' என்ற தெரிவைக் கொடுக்கலாம். முன்னிருப்பு வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேருங்கள். அதன்பின் தமிழ்ச் சொல் முழுச் சொல்லாக நிற்கும். ஏற்கனவே உள்ள அட்டவணையில் மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

அப்போதும் வேற்றுமை உருபுச் சிக்கல் மிச்சம். குளம், குளத்தில், குளத்துக்கு மூன்றும் மூன்று சொல். சொல்லின் தலையை மட்டும் கொடுத்து நட்சத்திரம் போட்டுத் தேடலாம். இல்லாவிட்டால் எஸ்கியூலைட் 3.34இல் வந்த ட்ரைகிராம் பிரிப்பானுக்கு மாறலாம். அது மூன்று மூன்று குறியெண்ணாக (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு கொடுத்த எண்) வெட்டிச் சேமிக்கும். தேடும் சொல்லில் குறைந்தது மூன்று குறியெண் வேண்டும். 'குள' என்பதில் க, உகரக் குறி, ள என்று மூன்று இருப்பதால் குளம், குளத்தில், குளத்துக்கு எல்லாம் அகப்படும். தமிழுக்கு நான் ட்ரைகிராமைத்தான் சொல்வேன். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

எல்லாம் சரியாகியும் சில சொல் மட்டும் வராமல் இருந்தால், அதில் கொ, கோ, கௌ மாதிரி எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்; பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் ஒரு வரி.

நினைவில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கிடந்தால் அது கெட்டுப்போன கோப்பு அல்ல, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அலுவலகங்களில் பழைய வேர்ட் கோப்புகள் இன்னமும் பாமினியில்தான் கிடக்கின்றன. எழுத்துருவை எடுத்தால் மிஞ்சுவது ஆங்கில விசைகள். உதவியாளரிடம் கொடுக்க முதல் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதையே மாற்றச் சொன்னால் பாதியை ஊகித்து எழுதும். மாற்றி மென்பொருள் ஊகிக்காது.

பொருள் பார்த்துத் தேடும் வெக்டர் நினைவகம் வைத்திருப்பவர்கள் எம்பெடிங் மாடலின் (எழுத்தை எண்வரிசையாக, அதாவது வெக்டராக மாற்றும் மாடல்) பெயரைப் பாருங்கள். குரோமா போன்ற வெக்டர் தரவுத்தளங்களில் முன்னிருப்பாக வருவது ஆல்-மினிஎல்எம்-எல்6-வி2. அது ஆங்கிலத்துக்குப் பயிற்றப்பட்டது. தமிழ்க் குறிப்புகளில் அது தருவது ஏறக்குறைய குலுக்கல் சீட்டு. மல்டிலிங்குவல் ஈ5, பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி மாடலுக்கு மாறுங்கள். மாறினால் பழைய வெக்டர்கள் உதவாது: மினிஎல்எம் 384 எண்கள் தரும், ஈ5இன் பேஸ் அளவு 768, எம்3 1024. 'பரிமாணம் பொருந்தவில்லை' என்ற பிழை வந்தால் காரணம் இதுதான். முழுவதையும் மறுபடி ஏற்றுங்கள். ஈ5 குடும்பத்தில் கேள்விக்கு முன் 'க்வெரி', குறிப்புக்கு முன் 'பாஸேஜ்' என்ற முன்னொட்டை ஆங்கிலத்தில் போட வேண்டும். மறந்தால் பிழை சொல்லாது, தரம் மட்டும் இறங்கும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் நினைவு பாதி, அல்லது திறக்கவே இல்லை

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டு, 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் எழுதுபவர் கோப்பு எழுதும் முறையையும் கவனிக்க வேண்டும். ஜேசன் கோப்பை அதே இடத்தில் மேலெழுதும் சேர்வர், எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் பாதிக் கோப்பை விட்டுவிடும். தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, வட்டுக்குத் தள்ளி, பிறகு பெயர் மாற்றுவதுதான் முறை. ஜேசன்-வரி வடிவம் என்றால் கடைசி உடைந்த வரியை மட்டும் அழித்தால் மிச்சம் திறக்கும்.

எஸ்கியூலைட் இதற்கெல்லாம் தாக்குப்பிடிக்கும். ஆனால் கொப்பி பண்ணும்போது கவனம். டபிள்யூஏஎல் என்ற எழுதும் முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள தனி டபிள்யூஏஎல் கோப்பில்தான் இருக்கும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளக் கோப்பை மட்டும் பென்ட்ரைவில் போட்டால் கடைசியாக எழுதியவை வராமல் போகலாம். 'வாக்யூம் இன்டு' கட்டளையால் ஒரு முழுப் பிரதி எடுத்துக் கொண்டுபோங்கள். 'தரவுத்தளம் பூட்டியிருக்கிறது' என்று வந்தால் எடிட்டரும் டெர்மினலும் ஒரே கோப்பில் இரண்டு சேர்வர் ஓட்டுகின்றன. காத்திருக்கும் நேரத்தை 5000 மில்லிசெக்கனாகக் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். நெட்வொர்க் டிரைவில் டபிள்யூஏஎல் வேலை செய்யாது.

அறிகுறி: வைத்திருக்கக் கூடாததையும் வைத்திருக்கிறது

நினைவுக் கோப்புகளில் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடவுச்சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 12 இலக்கமாக வரும் எண்களைத் தேடினாலே போதும், புதிய அடையாள அட்டைகள் அகப்படும். முதல் நாலு பிறந்த வருஷம், அடுத்த மூன்று, வருஷத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு எண் கசிந்தால் வயதும் சேர்ந்து கசிகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் இது விளையாட்டல்ல.

'உள்ளூரில்தானே சேமிக்கிறது' என்று சொல்வார்கள். சேமிப்பது உள்ளூரில். வாசிக்கும்போது அந்த எழுத்து மாடல் ஓடும் இடத்துக்குப் போகிறது. மாடலும் உங்கள் கணினியில் ஓடினால்தான் முழுவதும் உள்ளூர். இணையப் பக்கங்களில் இருந்து எடுத்த எழுத்தையும் நினைவில் நேரடியாகச் சேர்க்க விடாதீர்கள். அதற்குள் ஒளித்து வைத்த கட்டளை ஒவ்வொரு அமர்விலும் உங்கள் குரலாக மாறி வரும்.

எண் அகப்பட்டால் வரியை அழிப்பது முதல் படிதான். கோப்பு கிட்டில் ஏறியிருந்தால் வரலாற்றில் அது இன்னும் இருக்கும். கிட் ஃபில்டர்-ரெப்போவால் வரலாற்றைத் துப்புரவாக்கி, ரெப்போவைப் பாவிக்கிற எல்லாரையும் புதிதாக க்ளோன் எடுக்கச் சொல்ல வேண்டும். கடவுச்சொல் என்றால் அழிப்பதைவிட மாற்றுவது முதல் வேலை. ஹோம் ஃபோல்டரில் உள்ள உரையாடல் பதிவுகளிலும் அதே எண் கிடக்கும், அங்கேயும் தேடி அழியுங்கள். உறுப்பினர் இலக்கத்தை மட்டும் வைத்துச் செய்த ஒரு போலித் தரவுத்தளத்தை உதவியாளருக்குக் கொடுத்து, உண்மைத் தரவு உள்ள ஃபோல்டரை அதன் வாசிப்பு அனுமதியில் இருந்து எடுத்துவிடுங்கள்.